முடிவு பேசும் அறை

மார்ச் 4

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், உன் அண்ணனின் இடுப்புவலி மூவரும் சுகம். அங்கே நீயும் உன் போனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் தபாலா என்று மூக்கைச் சுளிக்காதே. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். ரசிகர் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் பொத்தான் வரவில்லை. அதனால் ஒரு தபால்தலை வாங்கினேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மறந்ததுபோல் இருப்பதில் நீ கெட்டிக்காரி.

அந்தத் துப்பறியும் தையல்காரி டிவி தொடரை எனக்குக் காட்டியதும் நீதான், அதன் குரூப்பில் சேர்த்ததும் நீதான். அதை நான் மறக்கவில்லை. மாதத்தின் முதல் நாள் ஆளுக்கு ஒரு பொருளும் ஒரு புத்தகமும் சிபாரிசு செய்யவேண்டும். தையல்காரி கையில் கொடுத்தால் அவள் பிடித்துப்போய் வைத்துக்கொள்ளவேண்டும், அதுதான் சட்டம். ரொட்டிக்கடைக்காரர் மாதாமாதம் ஏதாவது ஒரு ஃபிளாஸ்கைச் சொல்வார். அவர் வீட்டில் தண்ணீர்க் குழாயே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். பல் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக் கயிறு சொன்னார். நான் சட்டைக் காலர் தேய்க்கும் பிரஷ் சொன்னேன், நாற்பது பேர் வாங்கினார்கள். புத்தகத்துக்கு மட்டும் எப்போதும் ஒரு கோடு போட்டுவிடுவேன். ஐந்தாவதோடு நின்றவளிடம் புத்தகத்துக்கு எங்கே போவது?

அப்புறம்தான் எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்தில், அழுக்குப் படுக்கைவிரிப்பு மூட்டைக்குள் அந்தப் பூட்டுக்காரி கதை கிடைத்தது. மூன்று மாதம் யாரும் தேடி வராததால் சூப்பர்வைசர் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். இஸ்திரி மிஷின் சூடாகும்வரை இரண்டு பக்கம், சாப்பாட்டு வேளையில் நாலு பக்கம். ஐந்து மாதம் ஆனது. நாற்பத்தெட்டு வயதில் நான் முடித்த முதல் புத்தகம். முடித்த அன்று உனக்குத்தான் போன் செய்தேன். "நீங்க வாயால சொல்லுங்க அண்ணி, நானே டைப் பண்ணி குரூப்ல போட்டுடறேன்" என்றாய். நானும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

போட்டாய். 'சோப்பு நுரை' என்ற என் பேரில் இல்லை, 'தங்க ஊசி' என்ற உன் பேரில். "படித்து முடித்ததும் துவைத்துக் காய்ந்த துணிபோல லேசாகிவிட்டேன்" என்று நான் சொன்னதை அப்படியே விட்டுவைத்தாய். நீ என்றைக்கம்மா ஒரு கைக்குட்டை துவைத்தாய்? உன் அம்மா துவைத்தார், அப்புறம் நான் துவைத்தேன், இப்போது மிஷின் துவைக்கிறது.

இந்த வருஷத்தின் சிறந்த புத்தகம் என்று குரூப்பில் அதையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இது நான் சொன்னதாயிற்றே என்று அங்கேயே கேட்டேன். பத்து நிமிஷத்தில், நிர்வாகி என்ற முறையில், 'தொல்லை தரும் உறுப்பினர்' என்று வெளியே தள்ளினாய்.

எனக்கு ஒரே ஒரு வரி போதும். "இது என் அண்ணி படித்த புத்தகம், அவர் சொன்ன வார்த்தைகள்." 29ஆம் தேதி நடக்கும் ரசிகர் கூட்டத்துக்குள் குரூப்பில் எழுதிவிடு. எழுதினால் உனக்குப் பிடித்த நீலச் சட்டையின் மைக்கறையை எடுத்துத் தருகிறேன். எழுதாவிட்டால் உன்னையே எடுத்துத் துவைப்பேன்.

பிரியமுள்ள,
அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்க வேண்டாம். கூட இருப்பவர்கள் உறையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நீங்கள் சொன்னது நாலு நிமிடப் பேச்சு. பாதி வாக்கியம் முடியவே இல்லை. அதற்கு ஒரு வடிவம் கொடுத்தது நான். ஆறாயிரம் பேர் உள்ள குழுவை ஒன்பது வருடமாக நடத்துகிறேன். அங்கே என் பேருக்கு ஒரு மதிப்பு இருப்பதால்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினார்கள், மறுபதிப்பே வந்தது. 'சோப்பு நுரை' என்று போட்டிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? கோபப்படாமல் யோசியுங்கள். இப்போது மாற்றி எழுதினால் அவமானம் எனக்குத்தான். இந்தக் கூட்டத்தில் என்னைக் குழுவின் புத்தகங்களுக்கு நிரந்தரத் தேர்வாளராக அறிவிக்கப்போகிறார்கள்.

ஒரு சின்ன உதவி. சிபாரிசில் கதையின் முடிவை யாரும் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி, உங்களுக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தன்று 'முடிவு பேசும் அறை' என்று ஒன்று உண்டு. முழுப் புத்தகமும் படித்தவர்கள் மட்டும் உள்ளே போவார்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். சிபாரிசு செய்தவர் முதலில் எழுந்து முடிவைச் சொல்லவேண்டும். புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நடையும் எனக்கு ஒத்துவரவில்லை. கதை எப்படி முடிகிறது என்று விவரமாக எழுதுங்கள். குடும்பத்துக்குள் இதெல்லாம் சகஜம்தானே?

அண்ணனுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 17

என் தங்க ஊசிக்கு,

அண்ணி எழுதுவது. உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ சின்னப் பொண்ணுதானே, விடேன்" என்றார். நாற்பத்திரண்டு வயதுச் சின்னப் பெண்ணே, நன்றாக இரு.

முடிவுதானே, சொல்கிறேன். ஊர் முழுக்கப் பூட்டுத் திறந்துகொடுத்தவள் அந்தப் பூட்டுக்காரி. அவளை விட்டுப் போன புருஷன் இருபது வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அவள் உள்ளே தரையில் உட்கார்ந்து கம்பி, அரம் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்குகிறாள். மூன்று தரம் தட்டுகிறான். மூன்றாவது தரம் மெதுவாக. அவள் பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். என் புத்தகத்தில் அத்தோடு முடிகிறது. கதவு திறக்கவே இல்லை.

இதை எழுதிவைத்து வாசிக்காதே, களை இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு சொல். 'கதவு திறக்கவே இல்லை' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்து. எல்லோரும் உன்னையே பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு தரம் கேட்கிறேன். அந்த அறையில், கதவைச் சாத்திய பிறகாவது, இது என் அண்ணி படித்த புத்தகம் என்று சொல்வாயா? சொல்வதாக இருந்தால் இரண்டு வரி எழுதிப் போடு. உனக்குச் சொல்லவேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் உடனே எழுதுகிறேன்.

பிரியமுள்ள,
அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

அறையில் அறுபது பேர். நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். 'கதவு திறக்கவே இல்லை' என்று நிறுத்தினேன். கண்ணைத் திறந்தால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ஆஸ்பத்திரியில அவ கஞ்சி ஊட்டினது யாருக்குங்க?" பின்வரிசையில் யாரோ, "கடைசி அத்தியாயம் அவங்க அனுமதி இல்லாம அச்சாயிடுச்சு போல" என்றார்கள். சிரிப்பு நிற்கவில்லை. பல் டாக்டரம்மா புத்தகத்தைத் திறந்து, அவள் கதவைத் திறக்கும் இடத்தைச் சத்தமாகப் படித்தார். முழுதாகப் படிக்காதவர்கள் அறையில் இருக்கக்கூடாது என்ற விதியை எழுதியவளே நான். இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு நடுவே தனியாக நடந்து வெளியே போனேன்.

தேர்வாளர் பதவி இல்லை. நிர்வாகி பொறுப்பும் போய்விட்டது. படிக்காதவர் செய்த சிபாரிசு என்று அதைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 6

என் அருமை நாத்தனாருக்கு,

தெரியும்.

உனக்கு முதல் கடிதம் போட்ட வாரமே நூலகத்துக்குப் போனேன். அதைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்களாமே, எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். என்னுடையதைவிடத் தடிமனாக இருந்தது. என் புத்தகத்தில் கடைசி இருபத்திரண்டு பக்கமும் பின்னட்டையும் கிடையாது. ஒரு அத்தியாயம் முடிந்த இடத்தில் நேராகப் பிய்ந்திருந்தது. ஒரு புத்தகம் எப்படி முடியவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நின்ற இடம்தான் முடிவு என்று நினைத்துவிட்டேன். மீதியை அலமாரிப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். அவள் கதவைத் திறக்கிறாள், நோயாளியாக வந்தவனைச் சேர்த்துக்கொள்கிறாள், கஞ்சி ஊட்டுகிறாள், கடைசியில் எல்லாவற்றையும் மன்னிக்கிறாள். எனக்குப் பிடிக்கவே இல்லை. அவ்வளவு வருஷம் பூட்டோடு பழகியவளுக்கு அந்த அறிவுகூடவா இருக்காது?

அப்படியும், உனக்குச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்தேன். பிய்ந்த புத்தகத்தைப் படித்த என் பேச்சை நம்பிக் கூட்டத்தில் தவறாகப் பேசிவிடப்போகிறாளே, உன் அண்ணனுக்கு ஒரே தங்கை ஆயிற்றே என்று இருந்தது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. பாதி வாக்கியம் முடியவில்லையாம். யார் திரும்பிப் பார்ப்பார்களாம். கூடவே முடிவையும் சொல்லித்தரவேண்டுமாம். அதை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தலையணை உறை மடித்தேன். நானூறு உறை. ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை.

பொய் ஒன்றும் எழுதவில்லை. என் புத்தகத்தில் எப்படி முடிகிறதோ அப்படித்தான் எழுதினேன். உனக்கும் இரண்டு வரியில் தப்பிக்க வழி விட்டேன். பதில் போட்டாயா? தபால் பெட்டியைத் தினமும் இரண்டு தரம் பார்த்தேன். முதல் வாரம் உன் பதில் வரவேண்டும் என்று பார்த்தேன். இரண்டாவது வாரம் வந்துவிடக்கூடாது என்று பார்த்தேன். புத்தகம் உன் மேசையிலேயே இருக்கிறதே, கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவாளோ என்றுகூடப் பயமாக இருந்தது. நீ என்னைக் கைவிடவில்லை.

29ஆம் தேதி எனக்கு விடுமுறை. இங்கே ஜன்னல் திரைகளைத் துவைத்துக்கொண்டு, இப்போது கதவைச் சாத்தியிருப்பார்கள், இப்போது எழுந்திருப்பாள், இப்போது கண்ணை மூடியிருப்பாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். "என்ன பாட்டு?" என்று உன் அண்ணன் கேட்டார். பாடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நீ நாற்காலிகளுக்கு நடுவே நடந்ததை இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதியிருக்கலாம்.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணிக்கு,

நாலு நாள் உங்கள் கடிதத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். நீங்கள் போனில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எந்தப் பக்கத்தைப் பற்றியது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நான் வடிவம் ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இப்போது நிர்வாகியாக இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் பேசி உங்களை மறுபடி குழுவில் சேர்த்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். திருடியது, தள்ளிவிட்டது, எல்லாம். உங்கள் சிபாரிசை உங்கள் பேரில் பட்டியலில் திரும்பப் போடச் சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள் அண்ணி. போனில் உங்கள் பிளாக்கையும் எடுத்துவிட்டேன்.

உங்கள்,
நாத்தனார்


ஏப்ரல் 18

நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நல்ல கடிதம். உன் அண்ணனுக்கு வாசித்தேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். "தப்பை ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்" என்று ரொட்டிக்கடைக்காரர் எழுதுவார். பல் டாக்டரம்மா கைதட்டும் பொம்மை போடுவார். அந்த ஆறாயிரம் பேரும் இளகிப்போவார்கள். ஒரு வாரம் போனால் உன் பொறுப்பையும் திருப்பிக் கொடுப்பார்கள். என் பேர் பட்டியலில் ஒரு மூலையில் இருக்கும், உன் பேர் எல்லோர் வாயிலும் இருக்கும். முதலில் என் வார்த்தையில் ஏறி நின்றாய். இப்போது என் பேரில் ஏறி நிற்கப் பார்க்கிறாய்.

அதனால் நான் முந்திக்கொண்டேன். நேற்று வேலை முடிந்து, சலவைக்கூடத்து வாசல் படியில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். ஒரே விரலால் ஒரு மணி நேரம் ஆனது. யாரும் வடிவம் கொடுக்கவில்லை, நானே எழுதினேன். நீ இதற்குள் பார்த்திருப்பாய், இருந்தாலும் இங்கேயும் எழுதுகிறேன்:

'அந்தப் புத்தகச் சிபாரிசு நான் சொன்னது என்று முன்பு சண்டை போட்டேன். அது பொய். பொறாமையில் சொன்னேன். அது தங்க ஊசியே எழுதியது. நான் புத்தகம் படிக்கிறவள் இல்லை.'

இனி நீ எழுது. தன் தப்பை, புத்தகமே படிக்காத அண்ணி தலையில் கட்டுகிறாள் என்பார்கள்.

கடைசி வரியை அடிக்கும்போது மட்டும் விரல் நின்றுவிட்டது. உள்ளே மிஷின் ஓடி முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அடித்தேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி