பரிமளாக்காவுக்கு வந்த காய்ச்சல்

என் உயிரான பரிமளாக்கா,

வெள்ளிக்கிழமை உனக்கு முதல் தெவசம். அரசு கொடுத்த கலர் டிவிக்கு மேலே உன் படத்தை மாட்டிச் சந்தன மாலை போட்டிருக்கிறார் மாமா. வருகிறவர்களிடமெல்லாம், "வெஷக் காய்ச்சல்ங்க, எம் பொண்டாட்டி பொசுக்குனு போயிட்டா" என்கிறார். அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய்? பஸ் ஏறும் நாளில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாய். கடைசியில் சிதம்பரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டாய். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாரே: "தண்ணி நல்லா குடிக்கணும்மா. ஒண்ணுக்கு வந்தா அடக்கவே கூடாது. எரிச்சல், காய்ச்சல்னா உடனே வந்துடுங்க. வேற டாக்டர்கிட்ட போனாலும் இந்த ஆபரேஷன மறைக்காம சொல்லுங்க."

மாமாவோ ஊரெல்லாம் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தார். "ஒண்ணுக்குப் போற சமாச்சாரத்தப் போயி நாலு பேர்கிட்ட சொல்லுவாங்களா? மானம் போயிடும்."

நீ மட்டும் லேசுப்பட்டவளா? புவனகிரிக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் நாற்காலியை விட்டு அசையவில்லை. "பாருடி, ஒரு சொட்டு கசியல!" என்று என் காதில் சொல்லிப் பூரித்தாய். அடக்க முடிவதே உனக்குத் திருவிழாவாகிவிட்டது. "எழுந்து போயிட்டு வாக்கா" என்றேன். கேட்டால்தானே!

அப்புறம் எரிச்சல் வந்தது. சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்கள். குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போட்ட பிறகுதான் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார் மாமா. "சமீபத்துல ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணீங்களாம்மா?" என்று அவர் கேட்டாராம். குடலிறக்கப் பொய் டாக்டரிடம் அவிழ்ந்துவிடுமோ என்று, நீ வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாராம். கூட நின்ற உன் மகள் கலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டரும் காய்ச்சல் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்.

எனக்குப் போன் வந்து நான் கடலூரிலிருந்து ஓடிவருவதற்குள் கிருமி உன் ரத்தத்தில் ஏறிவிட்டது. மாமாவின் மானம் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஏன் அக்கா, அப்போதாவது அவரைத் தள்ளிவிட்டு நீ பேசியிருக்கக் கூடாதா?

கலா நேற்று கேட்டாள், "சித்தி, அம்மா எதனால செத்தாங்கன்னு நா இன்னும் எத்தினி நாளைக்கு மறைக்கிறது?"

வெள்ளிக்கிழமை உன் படையலில் சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பேன். எல்லோரும் இலை முன்னால் உட்காரட்டும். மாமா தன் வெஷக் காய்ச்சலை ஆரம்பிக்கட்டும். நானும் கலாவும் எழுந்து, என்ன ஆபரேஷன், எதை மறைத்தார்கள், எப்படிச் செத்தாய் என்று சத்தமாகச் சொல்வோம். அந்தப் பந்தியிலும் உன்னைப் போலவே கசிவுக்குப் பயந்து தண்ணீரைத் தொடாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் அக்கா. அவளாவது பிழைக்கட்டும்.

உன் கூடப் பிறந்தவள்,
சாந்தி