பந்தய உடுப்பின் எண்ணெய்க் கறை

1996 ஒக்ரோபர் 11, வெள்ளி

நித்திரை வரவில்லை. இன்று முதியோர் இல்லத்தில் ஒரு பிழை செய்துவிட்டேன்.

நான் பராமரிக்கும் இங்கிலாந்துக் கிழவர் 1950களில் கார்ப் பந்தயம் ஓடத் தொடங்கியவர். கிழமை நாட்களில் மருந்துக்கடை, ஞாயிறுகளில் சொந்தக் காசில் பந்தயம். பதினொரு வருடம் ஓடியும் ஒரு கோப்பைகூட இல்லை. அந்தக் காலத்து வெள்ளை உடுப்பு மட்டும் அவருடைய அலுமாரியில் தொங்கும். அதன் நெஞ்சு முழுக்க எண்ணெய்க் கறை.

நாளை அவருடைய மகன் பார்க்க வருகிறார். ஆள் வரும்போது ஊத்தை உடுப்புக் கண்ணில் படக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். பிளீச்சில் ஊறவைத்து, தோய்த்து, அயன்பெட்டியால் மினுக்கி மாட்டிவிட்டேன்.

கூட வேலை செய்யும் சாந்தி கண்டுவிட்டு நெஞ்சில் கைவைத்தாள்.

"ஐயோ அண்ணை, உதை ஏன் தோய்ச்சனீங்கள்? மனுசன் ஒரேயொருக்காத்தான் எல்லாருக்கும் முன்னாலை ஓடினவர். கடைசிச் சுற்றிலை எஞ்சின் வெடிச்சுத் தெறிச்ச எண்ணெய் அது!"

கிழவர் உடுப்பை மடியில் வைத்துத் தடவினார். கறை இருந்த இடத்தை விரல் தேடிக்கொண்டே இருந்தது. பிறகு "தாங்க் யூ" என்றார். அதைவிட என்னை ஏசியிருக்கலாம்.

வேலை முடிந்து மல்வேர்ன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது. நாளைக்கு மகனிடம் எதைக் காட்டப்போகிறாரோ.

அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று என் மகள் அழுது மூக்கைத் துடைத்த சேட்டு அடியில் கிடக்கிறது. ஆறு வருடமாக அதை நான் தோய்க்கவில்லை.