அருவி வீடியோவில் வந்த வருமானம்

குத்துக்கல்வலசை
ஜூலை 12

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் நாங்கள் சொல்வதைக் கேட்பதில்லை. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை மணிகண்டபிரபுவும் பேத்தி சின்னவளும் அந்தக் குளிரிலும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தினம் போனில் பேசுகிறவர் இப்போது ஏன் தாளும் பேனாவும் எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே பேசி என்னை மடக்கிவிடுவாய், வீடியோ காலில் என்றால் என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் நீ போன் செய்ய வேண்டும், சொல்லிவிட்டேன்.

சாரல் இந்த வருஷம் குறைவில்லை. மெயினருவியில் ரெண்டு நாள் குளிக்கத் தடை போட்டு நேற்றுத்தான் விட்டார்கள், ஐந்தருவியில் அஞ்சிலும் தண்ணீர் விழுகிறது, இதெல்லாம் நம் சேனலைப் பார்த்தால் உனக்கே தெரியும். அந்தச் சேனலைப் பற்றித்தான் விஷயம். வேனை விற்றுவிட்டு நான் வீட்டோடு கிடந்தபோது மாசாமாசம் பணம் அனுப்புகிறேன் என்று நீ சொன்னாய், கட்டிக்கொடுத்த பிள்ளை காசில் கை வைக்க மாட்டேன் என்று நான் குதித்தேன். அப்புறம் நீ லீவில் வந்தபோது இந்த யூடியூப் சேனலை ஆரம்பித்துக் கொடுத்தாய். தினம் காலையில் பஸ் ஏறிக் குற்றாலம் போய், தண்ணீர் விழுகிறதா, குளிக்க விடுகிறார்களா, கூட்டம் எப்படி என்று ரெண்டு நிமிஷம் பேசிப் போட வேண்டியது. விளம்பரக் காசு உன் கணக்கில் டாலராக விழும், நீ அதை ரூபாயாக்கி மாசம் பதினைந்தாயிரம் எனக்கு அனுப்பிவிடுவாய் என்று ஏற்பாடு. பதினாலு மாசமாக அப்படித்தான் வந்தது. நானும் ஆன்லைனில் சம்பாதிக்கிறவன் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன், மறைப்பானேன்.

போன வாரம் ஐந்தருவி பஸ் நிறுத்தத்தில் நம் பிச்சையா, என்னோடு வேன் ஓட்டினானே அவன்தான், ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். வாசுதேவநல்லூரில் ஒரு ஆள் இப்படித்தான் வீடியோ போட்டுச் சம்பாதித்தானாம், வருமான வரிக் கணக்கில் காட்டாமல் விட்டானாம், நோட்டீஸ் வந்துவிட்டதாம். நீரு காட்டிட்டீராவே, ஜூலை முடியுததுக்குள்ள காட்டணும்லா என்று கேட்டான். எனக்குப் பயம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அறுபத்து மூணு வயசில் வருமான வரி ஆபீஸ் வரைக்கும் தெரிகிற ஆளாகிவிட்டோமே என்று. முப்பது வருஷம் வேன் ஓட்டியும் வராத மரியாதை.

மறுநாளே வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தென்காசியில் ஒரு ஆடிட்டரம்மாவைப் பார்க்கப் போனேன். சஃப்ரின் என்று பெயர், உன் வயசுதான் இருக்கும். நோட்டில் நான் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மார்ச் மாசம் எடுத்த வீடியோவை ஆட்கள் ஏப்ரலில் பார்க்கிறார்கள், காசு மகள் கைக்கு மே மாசம் வரும், என் கைக்கு ஜூன், இதில் எனக்கு வருமானம் வந்த நாள் எது, எந்த வருஷத்தில் காட்டுவது என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். கைக்கு வந்த அன்னைக்குத்தான் வருமானம்னு எழுதுனா எல்லா வருசமும் அப்படியே எழுதணும் அண்ணாச்சி, கைக்கு வராட்டாலும் கணக்குல சேர்ந்த அன்னைக்குன்னு எழுதுனா அதையே எழுதணும், வருசத்துக்கு ஒண்ணா மாத்தக் கூடாது என்றாள். காசு மகள் கணக்கில் விழுந்தாலும் உழைத்தது நீங்கள் என்றால் அது உங்கள் வருமானம்தான், வரி வராத அளவுக்குச் சின்னத் தொகை என்றாலும் காட்டிவைப்பது நல்லது என்றும் சொன்னாள். ஒரு பரோட்டாக் கடை போர்டை வீடியோவில் காட்டியதற்கு எனக்கு ஓசியில் ரெண்டு பரோட்டாவும் சால்னாவும் கொடுத்தார்கள், அதையும் காட்டணுமா என்று கேட்டேன். பெரிய பொருளா தந்தா அதுவும் வருமானந்தான், பரோட்டாவை விட்டுருங்க என்று சிரித்துவிட்டாள்.

அப்புறம் எந்த மாசம் எவ்வளவு வந்தது என்று சேனலிலேயே பக்கம் இருக்கும், காட்டுங்கள் என்றாள். நான் வீடியோ ஏற்றுகிற ஆப்பைத் திறந்து போனை அவளிடம் நீட்டினேன். பார்த்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். உங்க சேனல்ல முன்னூத்தி எண்பத்தோரு பேருதான் சேர்ந்திருக்காங்க அண்ணாச்சி, விளம்பரக் காசுக்கு ஆயிரம் பேராவது வேணும், இதுல இன்னும் ஒத்தப் பைசா வர ஆரம்பிக்கலையே என்றாள். நான் விடவில்லை, பாஸ்புக்கை எடுத்துக் காட்டினேன். அதில் மாசாமாசம் ஒரே தொகை உன் பேரில் வந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், இது உங்க மக அவ சம்பளத்துல இருந்து அனுப்புத காசு, பிள்ளை அப்பாவுக்குக் கொடுக்குறதுக்கு வரியும் கிடையாது, வருமானம்னு காட்டவும் வேண்டாம். எழுந்தபோது ஃபீஸ் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது பிரியா. பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னால் அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தே பார்க்கவில்லை. அப்போதே புரிந்தது, இவளும் கூட்டு. நீங்க வாங்க மாட்டேன்னு வீம்பு பிடிச்சா அவ வேற என்ன செய்வா, பதினாலு மாசமா முழங்காலுக்கு ஊசி எங்கேயிருந்து வந்துச்சு என்று கேட்டாள். கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. நாலு மணிக்குப் பசித்தது, சாப்பிட்டேன். மறுநாள் அருவிக்கும் போகவில்லை, சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்குப் போகணும் என்று படுத்துக் கிடந்தேன். ஒன்பது மணிக்குப் பார்த்தால் சேனலில் ஒரு அம்மா கேட்டிருக்கிறது, அண்ணாச்சி இன்னைக்கு வீடியோ காணோமே, திருவேங்கடத்துல இருந்து இருபது பேர் வேன் பேசி நிக்கோம், தண்ணி விழுதா. பல்லைத் தேய்த்துவிட்டு ஓடினேன். இருபது பேரை எப்படிக் காக்க வைப்பது?

வந்ததை எல்லாம் உனக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று கூட்டியும் பார்த்தேன். ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். கையில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம், அதனால் அந்த ரோஷம் அங்கேயே நின்றுபோனது. அதற்கப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகிறேன்ப்பா, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று நீ சொன்னதை நானும் உண்மை என்று நம்பினேனே. அப்பாவின் வீம்பு கெடாமல் இருக்க நீ ஏழு நாளும் அந்த ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருந்தது தாயி. அழுதும்விட்டேன், அம்மாவிடம் சொல்லாதே.

நேற்று பிச்சையாவைப் பார்த்து ஒளிக்காமல் சொன்னேன், வருமானமும் இல்ல ஒண்ணும் இல்லவே, என் மக அனுப்புதா, நான் திங்கேன் என்று. அவன் கேலி பண்ணப் போகிறான் என்று நின்றால், எனக்கும் சென்னையில இருந்து மகதான் அனுப்புதா, நான் பேங்க் வட்டின்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன் என்றான். ரெண்டு பேரும் டீ குடித்தோம். காசு நான்தான் கொடுத்தேன், அதாவது நீ.

இனி பத்தாயிரம் போதும், அதற்கு மேல் அனுப்பினால் வாங்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை டூட்டியை விட்டுவிட்டுச் சின்னவளோடு இரு. சேனலில் ஆயிரம் பேர் சேர்ந்து நிஜமாகவே காசு வந்தால் சஃப்ரினிடம் போய் முறையாகக் காட்டிவிடுவேன், நீ கவலைப்படாதே. குற்றாலநாதர் புண்ணியத்தில் நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கிறதாமே, அது பாஸ்புக்கில் அச்சாகி வருகிறது. பதினாலு வரியிலும் நீ வீடியோ வருமானம் என்றே போட்டிருக்கிறாய். வருகிற மாசம் முதல் அங்கே அப்பாவுக்கு என்று போடு. பாஸ்புக்கில் பதிவு பண்ண நானே பேங்குக்குப் போவேன், கவுண்டரில் இருக்கிறவர்களும் படிக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
பாண்டித்துரை