கடலுக்கு ஈரச்சாக்கு

சித்திரை 15, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. சாயங்காலம் மகள் தூத்துக்குடியிலிருந்து பேசினாள். கடல் படிப்பு படித்துவிட்டு அங்கே பவளப்பாறை வளர்க்கிற வேலையில் இருக்கிறாள். அவள் கையால் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலுக்கடியில் வைத்த பவளமெல்லாம் வெளுத்துவிட்டதாம்.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரனுக்கு வெளுப்பு என்றால் கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் நோய்தான். "தண்ணில மருந்து கலந்து உட்டீங்களா சாமி?" என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, கடலே தண்ணிதானுங்க!"

மகள் சிரித்தாள். "நோயில்லப்பா. கடல் சூடாயிருச்சு."

"அது அரசாங்கம் காவல் போட்ட எடம்னு சொன்னியே கண்ணு?"

"வலை போட வர்றவங்களத் தடுக்கலாம். சூடு என்ன, கேட்டுல கையெழுத்துப் போட்டுட்டா உள்ள வருது?"

சூடு எனக்குத் தெரியாததா? கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஷெட்டைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டுவேன், கூரைக்குத் தண்ணீர் அடிப்பேன். அதைப் பெருமையாகச் சொன்னேன். மறுபடி சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"கடலுக்கு எங்கப்பா சாக்கு கட்டுறது?" என்றவள் அழுதுவிட்டாள்.

சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும் நெற்றியில் ஈரத்துணிதான் போட்டேன். பத்தாவது படித்தவனுக்கு ஒரே வைத்தியம். அதுவும் இங்கிருந்து எட்டாது.

"லீவு போட்டுட்டு ஊட்டுக்கு வா சாமி."

"இன்னும் சாகலப்பா. மழை பேஞ்சு தண்ணி ஆறுனா பொழைக்கும். எப்படி உட்டுட்டு வர்றது?"

இப்போது வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இங்கே வானத்தில் ஒரு மேகம் இல்லை. அங்கே எப்படி என்று கேட்க மறந்துவிட்டேன்.