கயிறு கட்டிய கடை

மார்ச் 9, சனி
அப்பாவின் பழைய கடையை, இப்போதைய காட்சிக்கூடத்தை, பார்க்க இன்றும் இரண்டு பேருந்து நிறைய ஆட்கள். ஓட்டுப் போடப் பெயர் பதிந்த கறுப்பர்களுக்கு ஊரில் எவனும் உப்புகூட விற்காத நாளில், அப்பா மட்டும் விற்ற கடை இது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கண்ணைத் துடைத்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள்.

அடுத்த வீட்டு ஆர்தீலியா அக்கா கயிற்றைத் தாண்டி வந்து, காட்சிக்கு வைத்த சோளமாவு டப்பாவை எடுத்துவிட்டார்.

"அது காலி டப்பாக்கா."

"காலி டப்பாவுக்கா கதவுல இவ்ளோ பெரிய பூட்டு?"

சுருக்கென்றது. ஒரு கட்டு கீரைக்கு இந்த ஊரில் கடை கிடையாது. பக்கத்து நகரம் செல்மா வரை வண்டி ஓட்டணும்.

மார்ச் 11, திங்கள்
அப்பா கடையை மறுபடி கடையாக்கலாமா என்று ஓசெல் அண்ணனிடம் கேட்டேன். காட்சிக்கூடக் குழுத் தலைவர் அவர்தானே.

"அப்பா பேரு இருக்கற இடத்துல வெங்காயம் விக்கணுமா? உனக்கு மூளை இருக்கா வெர்லீன்?"

அப்பா வேற என்னத்த வித்தாராம்? நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் வந்துவிட்டேன், சே.

மார்ச் 17, ஞாயிறு
ஆராதனை முடிந்து சபையில் கூட்டம். எங்கள் ஊரில் எதையும் முடிவு செய்யக் கை தூக்குவதில்லை, எழுந்து நிற்பதுதான். அந்தக் காலத்தில் "நாளைக்கு ஓட்டுக்குப் பதிய யார் வர்றீங்க?" என்று பாஸ்டர் கேட்பார், எழுந்து நின்றவர் போய்த்தான் ஆகணும். இன்றும் அப்படியே. நின்றால் வேலை உன் தலையில். மூன்று பேராவது நிற்கணும், இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது.

"கடையைத் திறக்க யாரு?" என்றார் பாஸ்டர்.

நான் நின்றேன். ஆர்தீலியா அக்கா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்? ஒருத்தரும் இல்லை.

அப்போது அண்ணன் எதிர்த்துப் பேச விருட்டென்று எழுந்தார். வாயைத் திறக்கும் முன்பே சபையே கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டது!

"அட, நான் வேண்டாம்னு சொல்லத்தாங்க—" யார் காதில் விழும்?

"நின்னா நின்னதுதான்டா ஓசெல்," என்றார் அக்கா. "உங்கப்பா என்னைக்காவது நின்னுட்டு உட்கார்ந்தாரா?"

அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே! ஆனால் அவர் உட்காரவில்லை.

மார்ச் 18, திங்கள்
அண்ணன் போனை எடுக்கவில்லை. எடுக்கமாட்டார்.

ஏப்ரல் 6, சனி
திறந்தாச்சு! கீரை, முட்டை, பட்டாணி, நிஜமான சோளமாவு. கல்லாவில் அண்ணன், கடுகடுவென்று. அப்பாவின் பழைய தராசைச் சுற்றிய கயிற்றை மட்டும் அவிழ்க்க விடவில்லை. "அதை எவனும் தொடக் கூடாது." சரி, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மே 18, சனி
காலையில் புயல்மழை. மின்சாரம் போனது, புதுத் தராசு அணைந்தது. கடை நிறைய ஆள். பையை மூடிக்கொண்டு ஆர்தீலியா அக்கா கிளம்பப் பார்த்தார்.

"எங்க போறீங்க? இருங்கக்கா," என்றார் அண்ணன். கயிற்றை அவரே அவிழ்த்தார். அப்பாவின் தராசைத் துடைத்து, அக்காவுக்குப் பட்டாணி நிறுத்துக் கொடுத்தார்.

மதியம் பேருந்து வந்தது. ஒரு வெள்ளைக்காரர் தயங்கித் தயங்கி, "தராசைப் படம் எடுக்கலாமா?" என்றார்.

"தாராளமா. முதல்ல இவங்களுக்கு நிறுத்துடறேன், நீங்க வரிசைல நில்லுங்க," என்றார் அண்ணன்.

நான் வீட்டுக்கு ஒரு கட்டு கீரையைத் தூக்கிக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனேன். அண்ணன் என்னையும் வரிசைக்கு விரட்டினார்.