தலைவர் போட்ட விளக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆஸ்பத்திரியில் நான் துடைக்கும் குழந்தைகள் வார்டுக்குக் கீழே, பண்டிகை விடுமுறைக்கு முந்தின நாள் இருட்டியதும் ஊரார் கூடி, பிள்ளைகளை உற்சாகப்படுத்த மேலே டார்ச் அடிப்பார்கள். நோயாளிப் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து பதிலுக்கு அடிப்பார்கள். இந்த வருஷம் ஊர்ச் சங்கத் தலைவர் மாப்பிள்ளைக் கோலத்தில் வார்டுக்குள்ளேயே வந்து, போட்டோவுக்காகப் பெரிய விளக்கைப் போட்டுவிட்டார். ஜன்னல் கண்ணாடியில் அவர் தொப்பைதான் தெரிந்தது.

"மாமா, லைட்ட அணைங்க. வெளியில ஒண்ணும் தெரியல," என்றாள் ஒரு சிறுமி.

"இரும்மா, போட்டோல நான் இன்னும் சரியா விழல," என்றது அந்தப் பெரிய மனுஷ ஜென்மம்.

என் மாப்புக் கட்டை பட்டு அந்த விளக்கின் பிளக் கழன்றுவிட்டது. தெரியாமல்தான் பட்டது, நம்பு. இருட்டில் டார்ச் வெளிச்சங்கள் தெரிந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் கீழே வரைக்கும் கேட்டது.

சூப்பர்வைசர் கத்துகிறான், முடிக்கிறேன். அடுத்து நீ அனுப்பும் பார்சலில் நம் வீட்டு டார்ச்சையும் வை. என் அறை ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர்தான். இருந்தாலும் வை.

உன் மகன்