அம்மாவின் கற்பனைக் கணவர்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்கு உண்டு, உறங்கி, உடல்நலத்தோடு இருக்கிறாய் என்ற அனுமானத்தின்மேல் இக்கடிதத்தைத் தொடங்குகிறேன். அனுமானம் தவறானால் உடனே மறுத்து எழுது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நலம் என்ற சொல்லில் என் இடது முழங்கால் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீ நேரில் வந்து பார்த்துவிட்டு அப்பா மறைத்துவிட்டார் என்று குற்றம் சாட்டக்கூடாது அல்லவா.

உன் அம்மா மாலைக் கல்லூரியில் சேர்ந்த செய்தியை அவளே தொலைபேசியில் சொல்லியிருப்பாள். சேர்ந்த பிறகு இந்த வீட்டில் நடப்பவற்றைச் சொல்லியிருக்க மாட்டாள், ஆகவே நான் எழுதவேண்டியிருக்கிறது. முதலாண்டில் இலக்கியம், அறிவியல், உடற்பயிற்சி, உளவியல் ஆகிய நான்கையும் எல்லோரும் படித்தே தீரவேண்டுமாம். நான்குக்கும் வீட்டில் செய்து காட்டவேண்டிய வேலை உண்டு. நான்குக்கும் கைக்கெட்டிய பொருளாக அகப்பட்டவன் நான். இலக்கியத்துக்கு ஒரு காதல் கவிதையை விளக்கவேண்டியிருந்தது, திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லையே என்று ஒருத்தி அதில் ஏங்குகிறாள். வருவதாகச் சொன்னதற்குச் சாட்சி யார், தேதி ஏதும் குறிப்பிட்டானா என்று கேட்டேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "ஏங்க, அவ அழுதுட்டு இருக்கா, நீங்க ரசீது கேக்குறீங்களே" என்றாள். அப்படிச் சொன்னவள் என் கேள்வியைத் தன் கேள்வியாகவே கட்டுரையில் சேர்த்துக்கொண்டாள், அந்தப் பத்திக்குத்தான் பாராட்டும் கிடைத்தது, எனக்கு நன்றி என்று ஒரு வரி கிடையாது. அறிவியலுக்கு ரொட்டித் துண்டுகளைக் குளியலறையில் ஒன்று, சன்னலோரம் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று வைத்துப் பூஞ்சை வளர்த்தாள். அலமாரித் துண்டைப் பூஞ்சை பிடிக்கும் முன்பே நான் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டேன். தின்னக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை என்பது என் வாதம். "எழுதி ஒட்டினாத்தான் மனுஷன் வாயக் கட்டுவானா" என்பது அவள் தீர்ப்பு, மேல்முறையீட்டுக்கு இடமில்லை. உடற்பயிற்சிக்கு, சோம்பியிருக்கும் ஒருவரைப் பழக்கி முன்னேற்றம் காட்டவேண்டுமாம். சோம்பியிருக்கும் ஒருவரைத் தேடி அவள் வெளியே போகவில்லை. விடிந்ததும் புதுக் காலணியோடு அவள் தெருவில் முன்னே ஓட, நான் என் முழங்காலை அழைத்துக்கொண்டு பின்னே போனேன். முனையில் கடை திறந்துகொண்டிருந்த தையல்காரர், "என்ன வக்கீல் சார், கட்சிக்காரர் ஃபீஸ் குடுக்காம ஓடுறாரா, பிடிச்சுத் தரவா?" என்றார். உன் அம்மா நின்று சிரித்தாள். அந்த இடைவெளியில்தான் நான் அவளை எட்டினேன்.

இவையெல்லாம் சில்லறை விவகாரங்கள். உளவியலில்தான் நிலைமை முற்றியது. உடன் வாழும் ஒருவரிடம் அச்சடித்த வினாக்களைக் கொடுத்து விடை வாங்கி, அதைக்கொண்டு அவர் மனத்தை விளக்கி எழுதவேண்டும். வினாத்தாளை என் மேசையில் வைத்து, "மனசுல பட்டத எழுதுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். மனத்தில் பட்டதை எழுத்தில் கொடுப்பது எவ்வளவு அபாயம் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத் தந்த பாடம். உங்களுக்குக் கோபம் வருவதுண்டா என்ற வினாவுக்கு, கோபம் என்பது இன்னதென்று வரையறுக்கப்படாத நிலையில் விடையளிக்க இயலவில்லை என்று எழுதினேன். உங்கள் வாழ்வில் மிக மகிழ்ச்சியான நாள் எது என்றதற்கு, ஒன்றைக் குறிப்பிட்டால் ஏனையவற்றை மறுத்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதினேன். மனைவியிடம் காணும் குறை யாது என்றதற்கு, தற்போது ஏதுமில்லை, பின்னர் தெரியவந்தால் தெரிவிக்கும் உரிமை எனக்கு உண்டு என்று எழுதினேன். எழுதி முடித்து மறுமுறை படித்தபோது எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே நுழைய வழியில்லாமல் இருந்தது. எனக்கு மெத்தத் திருப்தி. உன் அம்மா பாவம், அந்த விடைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் போராடி அறிக்கை எழுதிக் கொடுத்தாள்.

அது திரும்பி வந்தது. ஆசிரியை உன்னைவிட இளையவராம், வகுப்பு முடிந்ததும் உன் அம்மாவைத் தனியே நிறுத்தி, "இப்படி ஒரு மனுஷன் இருக்கவே முடியாதும்மா. நீங்களே எழுதிக்கிட்டீங்கன்னு தோணுது. நம்புற மாதிரியாவது எழுதியிருக்கலாமே" என்று சொல்லியிருக்கிறார். விடைகளைச் சொந்தமாகப் புனைந்தது உறுதியானால் அந்தப் பாடம் மட்டுமல்ல, அந்த ஆண்டே போய்விடும் என்பது கல்லூரி விதி. உன் அம்மா வீட்டுக்கு வந்து பையை நாற்காலியில் போட்டாள். "நான் பொய் எழுதினேனாம். உங்கள நான் கற்பனை பண்ணேனாம். கற்பனைதான்னா இதவிட நல்லதா ஒண்ணு பண்ணிக்கத் தெரியாதா எனக்கு?" என்றாள். மேலும் திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் புதுக் காலணியை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் உள்ளே தள்ளி வைத்தாள் பார், அது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தியவள். இரண்டாம் முறையும் நின்றால் அதற்கு முழுக்க முழுக்க நானே காரணம்.

மறுநாள் மாலை நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழ், நாம் மூவரும் இருக்கும் புகைப்படம் ஆகியவற்றோடு அவளுடன் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் அந்தப் பெண் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆவணங்களை வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "சார், நீங்க இருக்கீங்கன்னு இப்ப நம்புறேன். ஆனா இந்தப் பேப்பர்ல நீங்க இல்லையே சார், அதான பிரச்சினை" என்றார். எதிர்வாதத்துக்கு நான் தொண்டையைச் செருமுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா இங்க வந்துடறாங்களே, சாயங்காலம் தனியா வீட்ல என்ன பண்றீங்க?" அன்றாடப் பணிகளில் ஈடுபடுவேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். உன் அம்மா சன்னலோரம் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை விளக்கைப் போட்டு வைப்பேன், ஆள் இருக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. "இத ஏன் சார் எழுதல?" என்றார். அப்படி ஒரு கேள்வி தாளில் இல்லையே என்றேன். உன் அம்மா மின்விசிறியை விட்டுவிட்டு, "கரண்ட் பில்லு ஏன் ஏறுதுன்னு இப்பத்தான தெரியுது" என்றாள், ஆசிரியை சிரித்துவிட்டார். வினாக்களை மாற்றி உன் அம்மாவே வாயால் கேட்டு எழுதவேண்டும், நான் அதைப் படிக்கவோ திருத்தவோ கூடாது, விடைகள் என்னுடையவை என்று கடைசியில் கையெழுத்து மட்டும் போடவேண்டும் என்று மறுவாய்ப்புத் தந்தார்.

சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவள் கேட்டாள், நான் சொன்னேன். கேள்வியைத் தெளிவுபடுத்துமாறு கோரும் ஒவ்வொரு முறையும் பேனாவால் என் விரலில் ஒரு தட்டு விழுந்தது. சில விடைகளுக்குச் சிரித்தாள். ஒன்றுக்குத் தாளை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அது எந்த விடை என்பதை இங்கே வெளியிடுவதற்கில்லை. எல்லாம் முடிந்ததும் அறிக்கையைக் கொண்டுவந்து, எழுதிய பக்கமெல்லாம் உள்ளங்கையால் மறைத்து, அடியில் ஒரு வெற்றிடத்தை மட்டும் காட்டினாள். படிக்காமல் ஒரு வரியிலும் கையெழுத்திடாதவன் நான். நம் திருமணப் பதிவையே இருமுறை படித்து, பின்னால் நின்ற ஜோடியைக் காக்க வைத்தவன் என்று அவளே சொல்வாள். அவள் கையைப் பார்த்தேன். கையெழுத்திட்டேன். கடந்த வெள்ளியன்று முடிவு வந்தது, தேறிவிட்டாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. காலணி மறுபடி வாசலுக்கு வந்திருக்கிறது.

அடுத்த பருவத்துக்குத் தூரத்தில் வாழும் பிள்ளையின் மனம்தான் தலைப்பாம். ஞாயிறன்று உன்னைக் கூப்பிடுவாள். நல்லா இருக்கேம்மா என்று இரண்டு சொல்லில் வைத்துவிடாதே. மதிப்பெண்ணுக்கும் அது காணாது, அவளுக்கும் காணாது. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. எல்லா நலமும் பெற்று, எங்களையும் விஞ்சி, நீடு வாழ்க.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா